பிரிக்காத பெட்டிக்குச் சிவப்புச் சீட்டு

பெட்டியைப் பிரிக்காமலேயே உள்ளே இருக்கும் சரக்கு மட்டம் என்று தீர்ப்பு எழுதியவன் நான். வாயால் சொல்லியிருந்தாலாவது காற்றோடு போயிருக்கும். சிவப்புச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலு மூலையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தோற்றம் சரியில்லை' என்று எழுதினேன். எதன் தோற்றம் என்று யாராவது கேட்டிருந்தால், அட்டைப்பெட்டியின் தோற்றம் என்றுதான் சொல்லியிருக்க முடியும். இந்த லட்சணத்தில் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, சால்வை போர்த்தி அனுப்பப்பட்டவன். அந்தச் சால்வையை மட்டும் மேடையிலேயே பிரித்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் இப்போது கிளற வைத்தது எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பையன்களின் வாட்ஸ்அப் குழு. ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக இருந்த குழு, கொஞ்ச நாளாகக் குத்துச்சண்டை மேடை ஆகிவிட்டது. ஒரு நாடு நம் சரக்குக்கு வரியை ஏற்றுகிறது, இன்னொரு நாட்டோடு வரியில்லா ஒப்பந்தம் என்கிறார்கள். உடனே ஒருவன் 'கதவை இழுத்துச் சாத்து' என்கிறான். இன்னொருவன் 'திறந்து விடு, முடிஞ்சவன் ஓடட்டும்' என்கிறான். மூன்றாமவன் 'திறக்கலாம், ஆனா ஞாயமாத் திறக்கணும்' என்று நடுவில் நின்று ரெண்டு பக்கமும் அடி வாங்குகிறான். கடைசியில் எவனோ ஒருவன் என்னை இழுத்துவிட்டான்: 'முனிராஜ் அண்ணன் அந்தக் காலத்துல கம்பெனி கேட்டு முன்னாடி பேசினவராச்சே. அவரு எந்தப் பக்கம்?'

எந்தப் பக்கம் என்று சொல்வதற்கு முன்னால், நான் எந்தப் பள்ளத்தில் விழுந்தேன் என்று காட்டிவிடுவது நல்லது.

ஆரம்பக் கதை சின்னது. ஜவளகிரியில் கேழ்வரகுக் காட்டுக்கு யானை வராமல் தகரம் தட்டிக்கொண்டிருந்தவன், ஐடிஐ முடித்து பஸ் ஏறி ஓசூர் வந்தேன். கிளட்ச் செய்யும் தொழிற்சாலை. வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைச் சோதித்து உள்ளே விடும் இடத்தில் நிற்க வைத்தார்கள். முதல் வாரம் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை நட்டு முறுக்குவதுபோல் முறுக்கினேன். நான் அளந்த எல்லாமே டிராயிங்கில் இருந்த அளவைவிட மெலிந்துபோயிருந்தன. சப்ளையர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் எப்படித் திருடர்கள் ஆனார்கள் என்று நானே வியந்துகொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அது பாவம்ப்பா. கழுத்தை நெரிக்காதே."

அவர்தான் எங்கள் தர மேலாளர் ராவ் சார். பெங்களூர்க்காரர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "எஷ்டு?" அதாவது, எவ்வளவு. சார், இந்த லாட் கொஞ்சம் மோசம் என்றால், "எஷ்டு?" சார், எனக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்றால், "எஷ்டு?" தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் லீவு கேட்கப் போக வேண்டும். "அபிப்பிராயம் கேண்டீன்ல வச்சுக்கோ. இங்க அளவு குடு" என்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்முன் ஆறங்குல ஸ்கேலை எடுத்து, சப்ளையர் பெயர் இருக்கும் இடத்தை மூடிக்கொள்வார். எண்களை மட்டும் படிப்பார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்கேலை எடுப்பார். பல வருஷம் நான் அதைக் கண்பார்வைக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வேலை முறை இதுதான். லாரியில் சரக்கு லாட் லாட்டாக, அதாவது தொகுதி தொகுதியாக, இறங்கும். சப்ளையர் சீட்டு ஸ்டோர் வழியாகத் தனியே வரும். பெட்டியைப் பிரித்து, மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் என்று எடுக்க வேண்டும். ஸ்பிரிங் என்றால் நீளம், கம்பியின் தடிமன், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு திமிறுகிறது என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, சந்தேகம் என்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு. சிவப்புச் சீட்டு விழுந்த சரக்கு கம்பி வலைக் கூண்டுக்குள் போகும். உள்ளே தள்ள ஒரு திறப்பு உண்டு, வெளியே எடுக்கும் கதவின் சாவி ராவ் சாரிடம். ஒட்டியவனே அதைக் கிழிக்க முடியாது.

இனி பஷீர் பாய். மத்திகிரியில் கம்பியைச் சுற்றி ஸ்பிரிங் செய்யும் பட்டறை வைத்திருந்தார். இருபத்தெட்டுப் பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் கெலமங்கலம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண்கள். எங்கள் கிளட்ச் ஸ்பிரிங் முழுக்க அவர் கொடுத்ததுதான். நான் ஓய்வு பெறப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்போது, ஏதோ ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஸ்பிரிங்குக்குச் சுங்கம் குறைந்தது. கடல் தாண்டி வருகிற ஸ்பிரிங், மத்திகிரியிலிருந்து மொபெட்டில் வருகிற ஸ்பிரிங்கைவிட மலிவாகிவிட்டது.

பர்ச்சேஸ் தலைவர் தினகரன் திருநெல்வேலிக்காரர். கேண்டீனில் என் எதிரே தட்டை வைத்துக்கொண்டு கொக்கி போடுவார்.

"ஏம்வே முனிராஜ், கடைக்குப் போனா தக்காளி எங்க மலிவோ அங்கதான வாங்குதீரு? ஸ்பிரிங்குக்கு மட்டும் என்ன தேசபக்தி?"

"சார், அவனுங்க ஊர்ல அரசாங்கமே கரண்ட்டு சும்மா குடுக்குதாம். இங்க பாய் கரண்ட்டு போனா டீசல் ஊத்தறாரு. ஒருத்தன் கால்ல ஷூ, ஒருத்தன் கால்ல கல்லு. இது ஓட்டப்பந்தயமா?"

"கல்ல அவுக்கச் சொல்லும். அடுத்தவன் ஷூவ ஏன் புடுங்கச் சொல்லுதீரு?"

பதில் தெரியாதவன் என்ன செய்வான்? மேடை ஏறுவான். கேட் முன்னால் நடந்த கூட்டத்தில் அரை மணி நேரம் முழங்கினேன். "ஸ்பிரிங் ஆனாலும் சரி, அதச் செய்யற கம்பி ஆனாலும் சரி, கறிவேப்பிலை ஆனாலும் சரி, வெளியே இருந்து வந்தா வரி போடு" என்று நான் சொன்னபோது கைத்தட்டல் லாரி ஹாரனையே அமுக்கிவிட்டது. பஷீர் பாய் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். நான் கம்பியைப் பற்றிப் பேசிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

நிர்வாகம் ஒரு போட்டி வைத்தது. பாயும் இறக்குமதிக்காரரும் ஆளுக்கு மூன்று லாட் கொடுக்க வேண்டும். ஒரு லாட்டில் சிவப்பு விழுந்தாலும் வருஷ ஆர்டர் மற்றவருக்கு. பாய்க்கு எங்களை விட்டால் பெரிய வாடிக்கை கிடையாது. ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டு. இது எனக்குத் தெரியும், இருபத்தெட்டுப் பேருக்கும் தெரியும். முதல் இரண்டு லாட் இரண்டு பேருக்கும் பச்சை. மூன்றாவது லாட்டுகள் ஒரே வாரத்தில் வரவிருந்தன.

அந்த வாரத்தில்தான் என் மூளை லீவில் போனது. மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டோரில் ஆளில்லை, சப்ளையர் சீட்டு வரவில்லை. ஒரு ஸ்பிரிங் பெட்டி இறங்கிக் கிடந்தது. கெட்டி அட்டை, நீல நிறத்தில் கோழி கிளறியதுபோல் வெளிநாட்டு எழுத்து, குடைப் படம், கண்ணாடிக் கோப்பைப் படம். வந்துட்டான்யா எதிரி என்று ரத்தம் கொதித்தது. பிரித்து, அளந்து, ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்று இப்போது புரிகிறது. பெட்டிமேல் வாட்ச்மேன் எழுதியிருந்த கேட் நம்பரைச் சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டி, கூண்டுக்குள் தள்ளிவிட்டு, ஒரு போர் முடித்த தெம்பில் தயிர்சாதம் சாப்பிடப் போனேன்.

பரிசோதனைக் கூடத்தில் சரோஜா என்று ஒரு ஆபரேட்டர். கெலமங்கலம். வாய்க்கும் வேலைக்கும் பஞ்சமில்லை. என் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள்தான். நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க யாருக்குச் சீட்டு ஒட்டனீங்கன்னு தெரியுமா?"

"யாருக்கு? அவனுக்குத்தான்."

"கேட்டு நம்பரு போட்டன். பஷீர் பாய் பட்டறைன்னு வருது. பர்ச்சேஸுக்கு மெயிலும் தானா போயிருச்சி."

வாய் கொப்பளிக்க ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவா வெளியே வரவா என்று நின்றது.

நடந்தது இதுதான். இறக்குமதி சாம்பிள் வந்த காலிப் பெட்டிகளை எங்கள் தொழிற்சாலையே பழைய அட்டைக் கடைக்குப் போட்டது. அந்தக் கடையில் பஷீர் பாய் வாங்கினார். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் புதுப்பெட்டி வாங்குகிறவர் யாரும் கிடையாது. பெட்டியைத் திருப்பியிருந்தால் பின்பக்கத்தில் பாயின் லேபிள் பளிச்சென்று இருந்திருக்கும்.

அரை மணியில் பாய் மொபெட்டில் வந்துவிட்டார். தலையில் தொப்பியும் முகத்தில் வியர்வையுமாக நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏன் தம்பி, மேடையில எனக்காகத் தொண்ட கிழியக் கத்துனியே. இதுக்கா?"

"பாய், அந்தப் பொட்டி..."

"கெட்டி அட்டை தம்பி. மழையில நனையாது. அதுக்குத்தான் வாங்குனேன்."

ராவ் சார் அறைக்கு நான் நடந்துபோன அந்த முப்பது அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தினகரனும் அங்கே இருந்தார். சார் சிவப்புச் சீட்டைக் கையில் வைத்திருந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தோற்றம் சரியில்லன்னு எழுதியிருக்கே. எஷ்டு சரியில்ல?"

"சார், பெட்டிய... பிரிக்கல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு பெட்டிக்கு எத்தன பக்கம் முனிராஜ்?"

"ஆறு சார்."

"நீ எத்தன பாத்தே?"

"ஒண்ணு."

"சரி, ஒரு ரீடிங் கெடச்சுது." சீட்டின் அளவுக் கட்டத்தில் 'ஆறுக்கு ஒன்று' என்று பென்சிலால் எழுதினார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தினகரன் விடவில்லை. "சார், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒட்டினது ஒட்டினதுதான். நாளைக்கு அந்த இறக்குமதிக்காரன் 'உங்க ஆளுக்குன்னா கிழிப்பீங்களோ'ன்னு கேட்டா நாம என்ன சொல்லுதது?"

கேள்வி ஞாயமானது. ராவ் சார் சொன்னார்: "இறக்குமதி லாட் வரட்டும், ரெண்டு பேர் லாட்டையும் பிரிக்கலாம். நாலு நாலு ஸ்பிரிங், பெயர் இல்லாம, அடி மெஷின்ல ஓடட்டும். முனிராஜ் கை படக் கூடாது."

அடி மெஷின் என்பது ஸ்பிரிங்கை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, எத்தனை அடி தாங்குகிறது என்று எண்ணும் இயந்திரம். டிராயிங் கேட்டது ஐந்து லட்சம் அடி. இறக்குமதி லாட் வந்ததும் ராவ் சார் அறையைச் சாத்திக்கொண்டு ஒருவருடைய ஸ்பிரிங்குக்கு மஞ்சள் பொட்டும் இன்னொருவருடையதற்கு நீலப் பொட்டும் வைத்தார். எது யாருடையது என்ற காகிதம் அவர் சட்டைப்பைக்குள் போனது. சரோஜா மெஷினைத் தட்டிவிட்டாள். டக் டக் டக் என்று எட்டு ஸ்பிரிங்கும் குதிக்க ஆரம்பித்தன.

அடுத்த மூன்று நாள் எங்கள் தொழிற்சாலையில் திருவிழா. டீ இடைவேளை மணி அடித்தால் கேண்டீனுக்குப் போகிற கூட்டம் லேபுக்கு வந்தது. டீ கிளாஸோடு நின்று கவுண்டரைப் பார்த்தார்கள். ஒரு லட்சம். ஒன்றரை. மஞ்சள் கட்சி, நீலக் கட்சி என்று பிரிந்தது. கேண்டீன் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்து, "எவ்ளோ ஆச்சி?" என்று கேட்டார். மஞ்சள் ஸ்பிரிங்கில் எண்ணெய்ப் பூச்சு கொஞ்சம் மங்கலாக இருந்தது. பாய் பட்டறை எண்ணெய் அப்படித்தான் இருக்கும். ஆகவே மஞ்சள் நம்முடையது என்று முடிவு கட்டினேன். பெட்டியின் ஒரு பக்கம் பார்த்து அடிபட்டவன், இந்த முறை நிறம் பார்த்தேன். திருந்துவதற்கு என்று ஒரு வேகம் இருக்கிறது அல்லவா?

இரண்டாம் நாள் மதியம் ஐந்து லட்சம். எட்டும் முழுசாக இருந்தன. விதிப்படி அங்கேயே ரெண்டு லாட்டும் தேறிவிட்டன. ராவ் சார் வந்து பார்த்து, "நிறுத்த வேண்டாம். ஓடட்டும், எங்க ஒடையுதுன்னு பாக்கலாம்" என்றார். அவர் கண்ணிலும் ஒரு பொறி தெரிந்தது. எண்களுக்குப் பிறந்த மனிதர், அவருக்கும் ஆசை இருக்காதா?

மூன்றாம் நாள் பதினோரு மணி டீ. ஏழு லட்சத்தைத் தாண்டிக் கவுண்டர் ஓடுகிறது. கூடம் நிறைந்த கூட்டம், முன்வரிசையில் பஷீர் பாயும் தினகரனும். 'டிங்' என்று ஒரு சத்தம். நீலம் ஒன்று இரண்டாக உடைந்து தரையில் உருண்டது.

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், ஐம்பதை நெருங்கிய முழங்காலோடு. "செத்தான்யா" என்று கத்தி, கேண்டீனுக்கு ஓடி, ஒரு தட்டு மசால்வடையைத் தூக்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். சரோஜாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். பாய்க்கு நானே ஊட்டிவிட்டேன். ராவ் சார் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"நீலம், மத்திகிரி."

வடை மெல்லும் சத்தம் நின்றது. சரோஜா கையிலிருந்த பாதி வடையை என் தட்டில் திருப்பி வைத்தாள். "உங்க கையால எதுவும் வேணாம்ண்ணா" என்றாள்.

பாய் மட்டும் குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கினார். சட்டைப்பையிலிருந்து லென்ஸ் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ராவ் சாரிடம் நீட்டினார்.

"சுத்தனதுல தப்பில்ல சார். கம்பியிலயே கோடு. பாருங்க, அந்தக் கோட்டுலதான் விரிசல் ஆரம்பிச்சிருக்குது. போன வருஷம் வரைக்கும் நான் வெளிநாட்டுக் கம்பிதான் வாங்குனேன். அதுக்கு வரி ஏத்திட்டாங்க. கட்டுப்படியாவல. இங்க கெடைக்கற கம்பியில சுத்தறேன். ஸ்பிரிங்கு வரியில்லாம வருது, கம்பி வரியோட வருது. நான் எங்க போறது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமில்லை, அதுதான் சங்கடம். "கேட்டுல நீ கம்பிக்கும் வரி போடுன்னு கத்துன பாரு தம்பி. அன்னிக்கே ஓடி வந்து உன் வாயப் பொத்தலாமான்னு நெனச்சேன். எல்லாரும் கை தட்டுறாங்களேன்னு போயிட்டேன்."

டீ குடிக்காமல் போனதற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு எட்டியது. அந்த வரியால் பிழைக்கும் உள்ளூர்க் கம்பி ஆலையிலும் யாரோ ஒரு முனிராஜ் வேலை பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பக்கம் நின்று பார்த்தால் நான் கத்தியது சரியாகக்கூட இருக்கலாம். மத்திகிரியில் நின்று பார்த்தால் அது கழுத்தில் விழுந்த கயிறு. ஒரே வரி.

தினகரன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ராவ் சாரிடம், "சார், நம்ம கிளட்ச் பாதி ஏத்துமதிக்குத்தான போவுது. ஏத்துமதிச் சரக்குக்கு வேண்டிய கம்பிய நாமளே சுங்கமில்லாம எறக்கலாம். அதுக்கு அனுமதி உண்டு. பாய்க்குக் குடுத்துச் சுத்திவாங்கிக்கிடலாம்" என்றார். இத்தனை நாள் திறந்துவிடு திறந்துவிடு என்று சொன்ன மனிதர் எதைத் திறக்க வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தார். அவர் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீரு எங்கவே என்னயப் பேச விட்டீரு?" என்றார்.

அன்று ராவ் சார் ஸ்கேலை எடுத்துப் பெயரை மூடிக்கொண்டு ரெண்டு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டார். ரெண்டுக்கும் பச்சை. பாயின் பெட்டியிலிருந்த சிவப்புச் சீட்டை அவரே உரித்து, 'ஆறுக்கு ஒன்று' தெரியும்படி என்னிடம் கொடுத்தார். அது நான் ஓய்வு பெறும்வரை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

காகிதமெல்லாம் முடிந்து அந்தக் கம்பி வர நான்கு மாதம் ஆனது. யாருக்கும் சிவப்பு விழாததால் ஆர்டர் இரண்டாகப் பிரிந்தது; உள்ளூர் விற்பனைக்கான பாதி, விலை மலிவென்று, அதற்குள் இறக்குமதிக்குப் போய்விட்டது. பாய் பட்டறையில் ஒரு ஷிப்ட் நின்றது. ஒன்பது பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அதில் மூன்று பேர் பிறகு திரும்பி வந்தார்கள், ஆறு பேர் வரவில்லை. இதை நான் யாருக்கும் சுகமான கதையாகச் சொல்ல முடியாது.

ஆனால் புதுக் கம்பியில் சுற்றிய முதல் நாலு ஸ்பிரிங்கை மெஷினில் ஏற்றிய அந்த வாரத்தைச் சொல்லாமல் விடவும் முடியாது. இந்த முறை மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை, பாய் மட்டும்தான். ஐந்து லட்சம் தாண்டியது. ஏழு தாண்டியது. ஒன்பது. பத்து லட்சத்தைத் தொட்டபோது பெரிய சத்தத்தோடு ஏதோ அறுந்தது. பார்த்தால் மெஷினின் பெல்ட். ஸ்பிரிங் நாலும் அசையாமல், இன்னும் வேணுமா என்பதுபோல் நின்றன. ஃபோர்க்லிஃப்ட்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ராவ் சார் முகத்தில் முதல்முறையாகப் பல் தெரிந்தது. "எஷ்டு?" என்று நான் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார். இந்த முறை மசால்வடையைச் சரோஜா வாங்கினாள். எனக்குக் கடைசியில் கொடுத்தாள், அதுவும் உடைந்தது.

பாயின் பட்டறை இன்றும் ஓடுகிறது. மகள் பார்த்துக்கொள்கிறாள். பாய் மாலையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிச் சுருளைக் கையால் தடவிக் கோடு தேடுவார். வாட்ஸ்அப் சண்டையைப் பார்த்த மறுநாள் நான் அங்கே போனேன். வாசலில் புதுச் சரக்கு அடுக்கியிருந்தது. பெட்டிகளில் அதே நீல எழுத்து, அதே குடை.

எல்லாக் கட்சிக்காரர்களின் வாதத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். சாத்து என்றவன், திற என்றவன், ஞாயமாகத் திற என்றவன். கால் மணி நேரம் ஆனது. பாய் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு, "பாய், பசங்க என்னக் கேக்கறாங்க. வரி வேணும்னு சொல்லட்டுமா, வேணாம்னு சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல பொட்டியப் பிரிக்கச் சொல்லு."